சலவைக்கொடியில் காய்ந்த பாட்டு

(இசை ரசிகர் மன்றம் ஒன்றின் மாதக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற பொது மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தலைவர் என்னை அறிமுகப்படுத்தும்போது “பாட்டெழுதும் டாக்டர்” என்றார். முன்வரிசையில் இரண்டு பேர் சிரித்தீர்கள். கோபமில்லை, நாற்பது வருஷமாகக் கேட்டுப் பழகிய சிரிப்புதான். டாக்டர் தோட்டம் போடலாம், டென்னிஸ் ஆடலாம், நிலம்கூட வாங்கி விற்கலாம். பாட்டு எழுதுகிறார் என்றால் மட்டும், “அப்போ பேஷண்டை யார் பார்க்கிறது?” என்ற கேள்வி எதிரிலிருப்பவர் கண்ணில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இதே கேள்வியை 1850களில், ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் மருத்துவ அறுவை அகாதெமியில், ஒரு பேராசிரியர் வகுப்பு நடுவே எல்லார் காதிலும் விழும்படி கேட்டார். அவர் பெயர் நிகோலாய் ஸினின். 1842இல் நைட்ரோபென்சீனிலிருந்து அனிலின் தயாரித்துக் காட்டியவர். பிற்காலச் சாயத் தொழிலுக்கு அது ஒரு வாசல். ஆல்ஃபிரட் நோபெலுக்கு இளவயதில் வேதியியல் சொல்லிக் கொடுத்தவரும் அவரே. அப்படிப்பட்டவர் தன் செல்ல மாணவனைப் பார்த்து, பாட்டு எழுதுவதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொன்னார். என் நாற்காலிக்கு உன்னைத்தான் நம்பியிருக்கிறேன், நீயோ இரண்டு முயலை ஒரே நேரத்தில் துரத்துகிறாய் என்று கடிந்துகொண்டார். நம் ஊர் வாத்தியாராக இருந்தால் ஆற்றிலே ஒரு கால், சேற்றிலே ஒரு கால் என்றிருப்பார்.

பையன் அலெக்சாந்தர் பொரோதின். கடைசிவரை இரண்டு முயலையும் அவன் விடவில்லை. இன்று நான் பேச வந்தது அவனைப் பற்றி, அதிலும் முக்கியமாக அவன் பாடல்களைப் பற்றி. சிம்பொனிகளையும் நால்வர் இசையையும் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இந்த மன்றத்திலேயே இருக்கிறார்கள்.

பிறப்பைச் சொல்லாமல் போக முடியாது. 1833இல் பிறந்தார். தந்தை வயதான ஒரு ஜார்ஜிய இளவரசர், தாய் இளம்பெண், திருமணம் இல்லை. அதனால் குழந்தையை வீட்டிலிருந்த பொர்ஃபீரி பொரோதின் என்ற பண்ணையடிமையின் மகனாகப் பதிவு செய்தார்கள். கணக்குப்படி அந்தக் குழந்தை தன் சொந்தத் தகப்பனுக்கே அடிமை! சாவதற்கு முன் அந்தத் தகப்பன் விடுதலை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். தாய் வசதியாகவே வளர்த்தாள். வீடு முழுக்க ரசாயனப் புட்டிகள், வாணவேடிக்கைச் சோதனைகள், ஒரு பியானோ, பிறகு ஒரு செல்லோ. மாணவப் பருவத்தில் எழுதிய முதல் பாடல்களில் சிலவற்றில் குரலோடு செல்லோவும் சேர்ந்து வருவது அதனால்தான். வாத்தியார் கோபத்துக்கு இலக்கானவை அந்தப் பாடல்களே.

1856இல் படிப்பை முடித்து, ராணுவ மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜன் ஆனார். இங்கே உட்கார்ந்திருக்கும் டாக்டர்களுக்கு அந்த வயது ஞாபகம் இருக்கும். எல்லாம் தெரியும் என்று தேர்வுத்தாள் சொல்லும். கை மட்டும் நடுங்கும். ஒரு நாள் கசையடி பட்ட ஆறு பண்ணையடிமைகளைக் கொண்டுவந்தார்கள். அவர்கள் முதுகில் ஏறியிருந்த சிராய்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குவது இவர் வேலை. அதை முடிப்பதற்குள் மூன்று முறை மயங்கி விழுந்தார். தானும் ஓர் அடிமையின் மகன் என்று பதிவேட்டில் இருந்தவர் என்பதை அந்த நேரத்தில் நினைத்தாரோ என்னவோ. நான் படிக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

அதே வருஷம், அதே மருத்துவமனையில், டூட்டி அறையில் இன்னொரு சந்திப்பு நடந்தது. காவல்பணிக்கு வந்த இளம் அதிகாரி ஒருவன், வயது பதினேழு. கச்சிதமான சீருடை, பளபளக்கும் நகம், நடை உடையெல்லாம் மிடுக்கு. இருவருக்கும் பொழுது போகவில்லை, பேசினார்கள், பிடித்துப்போயிற்று. அன்று மாலை தலைமை மருத்துவர் வீட்டில் அந்தப் பையன் பியானோவில் வெர்தியின் ஆபரா துண்டுகளை வாசிக்க, பெண்கள் சூழ்ந்து நின்று ரசித்தார்கள். அவன் முசோர்க்ஸ்கி. இந்தப் பெயரைக் கொஞ்சம் ஞாபகத்தில் வையுங்கள், திரும்பி வருவேன்.

நோயாளியை நேரே தொட்டுப் பார்த்த மருத்துவராக பொரோதின் இருந்தது சில வருஷம்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. 1858இல் எம்.டி. பட்டம் வாங்கினார். ஆய்வேடு ஆர்சனிக் அமிலமும் பாஸ்பாரிக் அமிலமும் உடலில் எப்படி ஒத்து நடக்கின்றன என்பது பற்றியது. அதன் பிறகு வேதியியல் அவரை இழுத்துக்கொண்டது. ஹைடல்பர்க் போனார்; மெண்டலீவும் உடலியல் மேதை செச்செனோவும் அங்கே அவருக்குத் தோழர்கள். 1861இல் காசநோய்க்குச் சிகிச்சை தேடி அதே ஊருக்கு வந்த எகதெரீனா என்ற பியானோ கலைஞரைச் சந்தித்தார். ஷூமானையும் ஷோப்பானையும் அவருக்கு நெருக்கமாக்கியது அந்தப் பெண். நோய் முற்றியதால் அவளை இத்தாலியில் பீசா நகருக்கு அழைத்துப் போனார், அங்கே ஆய்வுக்கூடத்தில் ஃப்ளூரின் பற்றி ஆய்வு செய்தார், திரும்பி வந்து 1863இல் திருமணம் செய்துகொண்டார். 1864இல் பேராசிரியர் பதவி. ஸினின் ஆசைப்பட்ட நாற்காலிதான். வாத்தியாருக்கு ஒரு முயல் கிடைத்துவிட்டது.

இன்னொரு முயலுக்கு உயிர் கொடுத்ததும் ஒரு டாக்டர் வீடு. புகழ்பெற்ற மருத்துவர் செர்கெய் போத்கின் சனிக்கிழமைகளில் நண்பர்களைக் கூட்டுவார். அவரும் செல்லோ வாசிப்பவர். 1862இல் அங்கேதான் பொரோதின் இசையமைப்பாளர் பலாகிரெவைச் சந்தித்தார். பலாகிரெவைச் சுற்றி முசோர்க்ஸ்கி, ரிம்ஸ்கி-கோர்சகோவ், குயீ என்று ஒரு கூட்டம் இருந்தது. நம் கச்சேரி உலகில் சொல்வதுபோல ஒரு ‘செட்’. அதில் யாருமே முறையாகக் கன்சர்வேட்டரியில் படித்து வந்தவர்கள் கிடையாது. ஒருவர் கடற்படை, ஒருவர் கோட்டைகட்டும் பொறியாளர், ஒருவர் காவல்படை. மருத்துவர் ஒருவர் கூடுதலாகச் சேர்ந்ததை அவர்கள் விசித்திரமாக நினைக்கவில்லை.

அந்த வீட்டைக் கொஞ்சம் பாருங்கள். அகாதெமி கட்டடத்திலேயே குடியிருப்பு, அதை ஒட்டியே ஆய்வுக்கூடம், நடுவில் ஒரு நடைபாதை. நண்பர்கள் வந்து இசை பேசிக்கொண்டிருக்கும்போது திடீரென எழுந்து ஓடுவார். அடுப்பில் வைத்தது பொங்கிவிட்டதா, தீய்ந்துவிட்டதா என்று பார்க்கத்தான். அந்த ஓட்டத்திலும் நடைபாதை முழுக்க ஏதோ ஸ்வரக்கோவையை உரக்கப் பாடிக்கொண்டே போவார் என்று ரிம்ஸ்கி-கோர்சகோவ் நினைவுகூர்கிறார். வீட்டில் எப்போதும் உறவினர் கூட்டம். சோபாவிலும் தரையிலும் யாராவது படுத்திருப்பார்கள். பியானோ இருக்கும் அறையில் ஒருவர் தூங்கினால் அன்று வாசிப்பு இல்லை, எழுப்பிவிடுவோமோ என்ற பயம். மனைவிக்கு இரவில் தூக்கம் வராது, பகலில் தூங்குவார். அதனால் சாப்பாட்டுக்கு நேரங்காலம் கிடையாது. பூனைகள் மேசைமேல் நடந்து தட்டுகளை முகர்ந்து பார்க்கும். அதில் ஒன்று பனிக்கட்டித் துளைக்குள் கைவிட்டு மீன் பிடிக்கும் கில்லாடி.

இப்படிப்பட்ட வீட்டில் எப்போது எழுதுவது? அதற்கு அவரே ஒரு கடிதத்தில் பதில் சொல்லியிருக்கிறார். தான் ஞாயிற்றுக்கிழமை இசையமைப்பாளன் என்பார். காய்ச்சல் வந்து வகுப்புக்குப் போக முடியாத நாளில்தான் இசை எழுத முடிகிறது, ஆகவே நண்பர்கள் எனக்கு மட்டும் நலம் வேண்டாமல் நோய் வேண்டுகிறார்கள் என்றும் எழுதினார். இதைப் படித்துவிட்டு நான் வாய்விட்டுச் சிரித்தேன். மெடிக்கல் லீவில் பாட்டெழுதிய பாவம் எனக்கும் உண்டு.

அவர் எழுதி முடித்த பாடல்கள் சுமார் பதினாறு. ஐம்பத்து மூன்று வருஷ வாழ்க்கைக்குப் பதினாறு. ஆனால் ஒன்று கவனியுங்கள். நல்ல பாடல்கள் பலவற்றுக்கு வரிகளும் அவருடையவை. மற்ற ரஷ்ய இசையமைப்பாளர்கள் புஷ்கினையும் லெர்மந்தோவையும் தேடிக்கொண்டிருந்தபோது இவர் தானே எழுதி, தானே மெட்டமைத்தார். நம் சித்தர்கள் மருந்தையே பாட்டாக எழுதி வைத்தவர்கள் என்பதால் நமக்கு இது பெரிய அதிசயமாகப் படாது. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் இது அரிது.

1867இல் எழுதிய ‘உறங்கும் இளவரசி’யைப் பாருங்கள். அடர்காட்டில் ஒரு பெண் மந்திரத்தில் கட்டுண்டு தூங்குகிறாள். சூனியக்காரிகளும் காட்டுப் பேய்களும் கூச்சலும் சிரிப்புமாக அவளைக் கடந்து போகின்றன, விழிக்கவில்லை. ஒரு மாவீரன் வருவான், கட்டை உடைப்பான் என்று பேச்சு அடிபடுகிறது. நாள் போகிறது, வருஷம் போகிறது. வீரன் வரவில்லை. எப்போது விழிப்பாள் என்று யாருக்கும் தெரியாது என்பதோடு பாட்டு முடிந்துவிடுகிறது. அடிமைமுறை ஒழிந்து ஆறு வருஷம் ஆகியிருந்த ரஷ்யா அது. அந்த இளவரசி யார் என்று ரஷ்யக் கேட்போர் அவரவர் அர்த்தம் செய்துகொண்டார்கள்.

எனக்கு அர்த்தத்தைவிடப் பியானோ பிடிக்கும். ஷட்ஜமத்தையும் சதுஸ்ருதி ரிஷபத்தையும் ஒரே நேரத்தில் அழுத்தினால் எப்படி இருக்கும்? உரசும். மேற்கத்திய இலக்கணப்படி அந்த உரசல் அடுத்த நொடி ஓர் இணக்கத்தில் போய் ஆற வேண்டும். பொரோதின் அதை ஆற விடவில்லை. பாட்டு நெடுக அந்த இரண்டு சுரமும் ஒட்டிக்கொண்டே, மூச்சு ஏறி இறங்குவதுபோல மெல்ல ஆடிக்கொண்டிருக்கின்றன. படித்த பண்டிதர்களுக்கு இது எரிச்சலூட்டியது. இது தவறு என்று சொல்லிக்கொடுக்க அவருக்கு வாத்தியார் இல்லாமல் போனது நம் அதிர்ஷ்டம் என்பது என் கட்சி. நாற்பது ஐம்பது வருஷம் கழித்து பிரெஞ்சுக்காரர்கள் இந்த மாதிரி ஒலிகளில் திளைத்தார்கள். ராவெல், பொரோதின் பாணியில் என்றே பெயரிட்டு ஒரு பியானோ துண்டு எழுதினார்.

அடுத்த வருஷம் ‘இருண்ட காட்டின் பாட்டு’, 1870இல் ‘கடல்’. இரண்டுக்கும் வரிகள் அவருடையவை. ‘கடல்’ ஒரு கதைப்பாட்டு: இளம் மனைவியோடும் செல்வத்தோடும் ஊர் திரும்பும் ஒருவன் புயலில் மூழ்குகிறான். பியானோக்காரருக்கு அது கை ஒடிக்கும் வேலை.

இவ்வளவும் 1870 வரை. அதற்குப் பிறகு ஏன் பாடல்கள் மெலிந்தன? பெரும்பாலோர் சொல்லும் பதில் ‘இளவரசன் ஈகோர்’ ஆபரா. 1869இல் தொடங்கினார், பதினெட்டு வருஷம் எழுதினார், முடிக்கவில்லை. ஆனால் இன்னொரு காரணம் இருக்கிறது, இசை வரலாறுகள் அதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. 1872இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பெண்களுக்கான மருத்துவப் படிப்பு தொடங்கியது. (நம் சென்னை மருத்துவக் கல்லூரி 1875இல் மேரி ஷார்லீப் உள்பட நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. ஏறக்குறைய ஒரே காலம்.) பொரோதின் அதற்காக ஓடியாடினார், அங்கே வேதியியல் கற்பித்தார். ஏழை மாணவிகளுக்குப் பணம் திரட்டும் சங்கத்துக்குக் காசாளராக இருந்தார், அதற்காகக் கச்சேரிகள் ஏற்பாடு செய்தார். யாருக்காவது உதவித்தொகை வாங்கித்தர அதிகாரிகளின் வாசலில் காத்து நின்றார்.

நண்பர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். ரிம்ஸ்கி-கோர்சகோவ் போய், “எழுதினீர்களா?” என்பார். “எழுதினேனே” என்பார் இவர். கேட்டால், எழுதியது கடிதங்கள். “அந்தப் பகுதியை மாற்றியாயிற்றா?” என்றால், “மாற்றியாயிற்று, பியானோவிலிருந்து மேசைக்கு.” இது இசைக்காரர்கள் தரப்பு. மறுபக்கம் மெண்டலீவ் முதலான வேதியியலாளர்கள், இந்த மனிதன் இசையை விட்டிருந்தால் வேதியியலில் இன்னும் உயரத்துக்குப் போயிருப்பான் என்று வருந்தினார்கள். ஆல்டால் வினை என்று இன்றும் மாணவர்கள் படிப்பதை 1872 வாக்கில் கண்டவர்களில் ஒருவர் அவர். ஆக, இரண்டு கூட்டமும் தங்களுக்கு நஷ்டம் என்று கணக்கு எழுதின. அவர் மட்டும் தன்னை நஷ்டப்பட்டவராக எண்ணியதாகத் தெரியவில்லை. நானும் முன்பு இசைக்காரர்கள் பக்கம் நின்று ‘ஈகோர்’ முடியாமல் போயிற்றே என்று புலம்பியவன்தான். வயதாக ஆக மனம் மாறிவிட்டது. ஒரு பெண் டாக்டராகிக் கிராமத்துக்குப் போனதைவிட ஓர் ஆபராவின் மூன்றாம் அங்கம் பெரிது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வருத்தப்பட வேண்டியது வேறொன்றுக்கு. மனதில் இருந்ததையும் பியானோவில் வாசித்ததையும் அவர் காகிதத்தில் ஏற்றாமல் விட்டார். ஒலிப்பதிவுக் கருவி இல்லாத காலம். எடிசனின் ஃபோனோகிராஃப் வந்தது 1877இல்தான். எழுதினால் உண்டு, இல்லையேல் காற்றோடு போயிற்று. 1879இல் ஆபராவின் ஒரு நடனப் பகுதியைக் கச்சேரியில் வாசிப்பதாக அறிவித்தாயிற்று, வாத்தியப் பகுதி தயாராகவில்லை. கடைசியில் ரிம்ஸ்கி-கோர்சகோவும் இன்னொரு இசையமைப்பாளரான லியாதோவும் வீட்டுக்கே வந்து உட்கார்ந்தார்கள். மூவரும் பங்கு போட்டுக்கொண்டு இரவு வெகுநேரம் பென்சிலால் எழுதினார்கள். மையால் எழுத நேரமில்லை. பென்சில் எழுத்து அழிந்துவிடக் கூடாதே? வேதியியலாளர் வேலையைக் காட்டினார். தாள்கள்மீது ஜெலட்டின் கரைசலைப் பூசி, அறைக்குள் கொடி கட்டி, துணி உலர்த்துவதுபோல வரிசையாகத் தொங்கவிட்டார்!

இந்தக் காட்சி என் மனதை விட்டுப் போகாததற்குச் சொந்தக் காரணம் உண்டு. 1980களில் தவணையில் ஒரு டேப் ரெக்கார்டர் வாங்கினேன். ஓ.பி. முடிந்து, ரவுண்ட்ஸ் முடிந்து, பிள்ளைகள் தூங்கிய பிறகு குளியலறையில் உட்கார்ந்து பாடிப் பதிவு செய்வேன். எதிரொலி நன்றாக இருக்கும். அதில் பாதிப் பாட்டில் பக்கத்து வீட்டு நாய் குரைக்கும், ஒன்றில் “இன்னும் தூங்கலியா?” என்ற என் மனைவியின் குரல் சரணத்துக்கும் பல்லவிக்கும் நடுவே தெளிவாகக் கேட்கும். அறுபது கேசட் இருந்தன. ஒரு மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடித்து முக்கால்வாசி போயிற்று. மிஞ்சியவை, மருந்துச் சீட்டின் பின்புறத்தில் வரிக்கு மேல் சுரம் குறித்து வைத்த பதினோரு பாட்டுகள். கர்நூலில் மருத்துவப் பேராசிரியராக இருந்து, பின்னாளில் சங்கீத கலாநிதியான ஸ்ரீபாத பினாகபாணி, கேட்டுப் பாடம் செய்த உருப்படிகளைச் சுரப்படுத்தி ‘சங்கீத சௌரபம்’ தொகுதிகளாக்கியதன் அருமை எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

1881 மார்ச்சில் முசோர்க்ஸ்கி செத்துப்போனார். குடியால் உடல் கெட்டு, ஒரு ராணுவ மருத்துவமனையில். அங்கே சேர்க்க அவருக்குத் தகுதி இல்லை. மருத்துவர் பெர்டென்சன் தன் உதவியாள் என்று கணக்குக் காட்டிச் சேர்த்தார். ராணுவ மருத்துவமனையின் டூட்டி அறையில் தொடங்கிய நட்பு, இன்னொரு ராணுவ மருத்துவமனையில் முடிந்தது. அந்த வருஷம் பொரோதின் ஒரு பாட்டு எழுதினார். இந்த முறை வரிகள் புஷ்கினுடையவை. தூரத்துத் தாய்நாட்டுக்குப் பிரிந்து போய் அங்கேயே இறந்துவிட்ட ஒருத்தியைப் பற்றியது. இறுதிவரை அதை அச்சுக்குக் கொடுக்கவில்லை. அந்தப் பாட்டில் ஆரவாரமே இல்லை, குரல் கிட்டத்தட்ட பேசுகிறது. தன் வரிகளை ஏன் எழுதவில்லை என்று யோசித்திருக்கிறேன். இரங்கற் கூட்டத்தில் பேச எழுந்து, வார்த்தை வராமல், வேறொருவர் கவிதையை வாசித்துவிட்டு உட்காருகிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன்.

1887 பிப்ரவரி. அகாதெமி பேராசிரியர்களின் விருந்து, எல்லாரும் வேடமிட்டு வந்திருந்தார்கள். பொரோதின் ரஷ்யக் குடியானவர் உடையில், சிவப்புச் சட்டையும் நீல நிறக் காற்சட்டையுமாக ஆடிக்கொண்டிருந்தார். பேசிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். இதயம். அறை முழுக்க மருத்துவர்கள், ஒருவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

மறுநாள் நண்பர்கள் அந்த வீட்டுக்கு வந்து தாள்களை மூட்டை கட்டினார்கள். ரிம்ஸ்கி-கோர்சகோவும் இருபத்தொரு வயது இசையமைப்பாளர் கிளாஸுனோவும் ஆபராவை முடித்தார்கள். முன்னிசை ஒன்று எழுதப்படவே இல்லை. பொரோதின் பியானோவில் பலமுறை வாசித்துக் கேட்டதை வைத்துக் கிளாஸுனோவ் அதை எழுதினார். எவ்வளவு அவருடையது, எவ்வளவு இவருடையது என்பது இன்றுவரை வாதம். 1890இல் அரங்கேறியது. 1953இல் அமெரிக்காவில் ராபர்ட் ரைட், ஜார்ஜ் ஃபாரெஸ்ட் என்ற இருவர் பொரோதினின் மெட்டுகளை எடுத்து ‘கிஸ்மத்’ என்ற நாடகத்துக்குப் பாடல்கள் அமைத்தார்கள். அதில் ஒன்று டோனி பென்னெட் குரலில் ஒலித்தட்டாகிப் பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தது. மெட்டு, கொடியில் காயப்போட்ட அந்த நடனப் பகுதியுடையது. அடுத்த வருஷம் அந்த நாடகத்துக்காக டோனி விருது வாங்கினார், செத்து அறுபத்தேழு வருஷம் ஆன டாக்டர்.

அவர் கல்லறைக்குப் பெண் மருத்துவர்கள் வெள்ளியில் ஒரு மாலை கொடுத்தார்கள். படிப்பைத் தொடங்கியவர், காத்தவர், மாணவர்களின் தோழர் என்று அதில் எழுதியிருந்தது. இசையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பேச்சு போதும். நம் மன்றத்து நண்பர் பியானோவோடு காத்திருக்கிறார், பாடப் போகும் பெண் முதலாண்டு மருத்துவ மாணவி, நாளை காலை எட்டு மணிக்கு அவளுக்கு உடற்கூறியல் வகுப்பு. ‘உறங்கும் இளவரசி’. தொடக்கத்தில் பியானோவில் ஒட்டிக்கொண்டு வரும் அந்த இரண்டு சுரங்களைக் கேளுங்கள். எப்போது விலகும் என்று காத்திருக்காதீர்கள்.